விபத்தை விசாரிக்கும் வேலைக்கு என்ன படிப்பது? சிவதாபுரம் அண்ணாவுக்கு ஒரு பதில்

அண்ணா, சென்ற சனிக்கிழமை நீங்களும் பாப்பாவும் வந்தபோது வாசலில் இன்னும் ஆறு பெற்றோர் காத்திருந்தார்கள். அந்த அவசரத்தில் பாதிதான் சொன்னேன்; மீதியை இங்கே எழுதுகிறேன். விபத்தை விசாரிக்கும் வேலைக்குப் போக பிள்ளை என்ன படிக்க வேண்டும் என்ற இதே கேள்வியோடு வேறு சிலரும் வருவதால் பொதுவிலேயே எழுதுகிறேன், பெயர் போடவில்லை.

முதலில் உங்கள் வீட்டுக் கவலை. “எந்நேரமும் விமானம் விழுந்தது, ரயில் கவிழ்ந்தது என்றே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பாட்டி அபசகுனம் என்கிறார்” என்றீர்கள். பாப்பாவிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். 2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் விழுந்த விமானத்தைப் பற்றிக் கேட்டேன். இறந்தவர்களின் எண்ணிக்கையில் அவள் தொடங்கவில்லை. ஒரு மாதத்தில் வெளிவந்த முதற்கட்ட அறிக்கையில் எது எழுதப்பட்டிருக்கிறது, எது எழுதப்படவில்லை என்று பிரித்துச் சொன்னாள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிக்கு இது அரிது. தொலைக்காட்சி விவாதத்தில் உட்காருகிறவர்களுக்கே அரிது. பாட்டியிடம் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்.

இன்னொன்றும் நடந்தது, கவனித்தீர்களா? கடை வீதியில் கொடுப்பதற்காகச் சட்டைப்பையில் வைத்திருந்த அறுந்த கொலுசை என் மேஜையில் எடுத்து வைத்தீர்கள். ஏன் அறுந்தது என்று சும்மாதான் கேட்டேன். ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, “இது இழுத்து அறுந்ததில்லை, பற்றவைத்த இடம் சரியாக ஒட்டவில்லை” என்றீர்கள். பாப்பா உடனே, “மூன்று கண்ணி விட்டிருக்கிறது, அதில் முதலில் விட்டது எது?” என்று கேட்டாள். அண்ணா, விபத்து விசாரணை என்பது ஏறக்குறைய அந்தக் கேள்விதான். சிதறிக் கிடக்கும் ஆயிரம் துண்டில் முதலில் உடைந்த துண்டைத் தேடுவது. மற்றவை எல்லாம் அது உடைந்ததால் உடைந்தவை.

இப்போது வேலைக்கு வருகிறேன். பதினெட்டு வயதில் சேர்ந்து, நான்கு வருடம் படித்து, நேராக ‘விபத்து விசாரணை அதிகாரி’ ஆகிற வழி நம் நாட்டில் கிடையாது. ஆறு வாரத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள். இது இரண்டாவது வேலை. முதலில் ஒருவர் நல்ல ரயில்வே இன்ஜினியராகவோ, கப்பல் கேப்டனாகவோ, விமானப் பராமரிப்பு இன்ஜினியராகவோ பத்து, பதினைந்து வருடம் கழிக்க வேண்டும். அதன் பிறகுதான் விசாரிக்க அழைப்பார்கள். மாவைத் தொடாதவர் தோசை ஏன் ஒட்டியது என்று சொல்ல முடியாதல்லவா!

ரயிலை எடுத்துக்கொள்வோம். பயணிகள் உயிரிழக்கும் விபத்துகளை ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். தலைமையகம் லக்னோவில், நம் சேலம் கோட்டம் பெங்களூரில் உள்ள தெற்கு வட்ட ஆணையரின் கீழ் வருகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த ஆணையம் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை, விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. வீட்டுக்காரரே வீட்டுத் திருட்டை விசாரிக்கக் கூடாது என்று 1941-லேயே பிரித்துவிட்டார்கள். ஆணையராக வருகிறவர்கள் ரயில்வேயில் பல வருடம் பணியாற்றிய அதிகாரிகள். அந்த அதிகாரி வேலைக்கு பி.இ. முடித்து யுபிஎஸ்சி நடத்தும் இன்ஜினியரிங் சர்வீசஸ் தேர்வு எழுத வேண்டும்.

ஒடிசாவில் நடந்த பாலசோர் ரயில் விபத்தைப் பாப்பா குறிப்பிட்டாள். 2023 ஜூன் 2. கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஓட்டுநருக்குப் பச்சை விளக்குத்தான் எரிந்தது. ஆனால் ரயிலைத் தடம் மாற்றிவிடும் பாயிண்ட், பக்கத்தில் ரயில்களை ஒதுக்கி நிறுத்தும் லூப் லைனுக்குத் திரும்பியிருந்தது. அங்கே இரும்புத்தாது ஏற்றிய சரக்கு ரயில் நின்றுகொண்டிருந்தது. விசாரணை போய் நின்ற இடம் சிக்னல் சுற்றில் நடந்த வயரிங் வேலை. அன்று ரயில்வே கேட்டில் நடந்த வேலையில் பிழை. 2018-இல் செய்த மாற்றத்திலேயே ஒரு குறை கவனிக்கப்படாமல் கிடந்தது. ஐந்து வருடம் பதுங்கியிருந்த கண்ணி அது. ஓட்டுநரின் மேல் பழியைப் போட்டு ஃபைலை மூடியிருந்தால் அந்த வயர் இன்னொரு நிலையத்திலும் அப்படியே இருந்திருக்கும்.

விமான விபத்துகளை விசாரிக்க 2012-இல் ஏற்படுத்திய தனிப் பணியகம் டெல்லியில் இருக்கிறது. உலகம் முழுக்க ஒரே விதி: இந்த விசாரணையின் நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, யார் குற்றவாளி என்று தீர்ப்பது போலீசும் கோர்ட்டும் செய்யும் வேறு வேலை. விமானத்தின் தகவல்களைப் பதிந்துவைக்கும் கறுப்புப் பெட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் என்பது பாப்பாவுக்கே தெரிந்திருந்தது.

கடலைப் பற்றிச் சுருக்கமாக. கப்பல் விபத்துகளை மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் சர்வேயர்கள் விசாரிக்கிறார்கள். பெரும்பாலும் கேப்டன் அல்லது சீஃப் இன்ஜினியர் சான்றிதழ் பெற்றவர்கள்தான் அந்தப் பதவிக்கு வருகிறார்கள். அதற்கு வருடக்கணக்கில் கடலில் இருக்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு வழியாகப் போகலாம். செலவு அதிகம், இடைத்தரகர்கள் அதைவிட அதிகம். உங்கள் நிலைமைக்கு இதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

அப்படியானால் எதைச் சொல்வேன்? நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றை: உலோகவியல். கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியிலேயே அந்தப் பாடப்பிரிவு இருக்கிறது, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரலாம். கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு அடித்துக்கொள்கிற கூட்டம் இந்தப் பக்கம் அவ்வளவாக வருவதில்லை, அதுவும் நமக்கு நல்லதுதான்.

ஏன் உலோகவியல்? 1954-இல் காமெட் என்ற வகை ஜெட் விமானங்களில் இரண்டு, ஒன்றுக்கொன்று மூன்று மாத இடைவெளியில் நடுவானில் உடைந்து மத்தியதரைக் கடலில் விழுந்தன. இங்கிலாந்தில் ஒரு முழு விமானத்தின் உடலைப் பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். சுமார் 3,000 பயணங்களுக்குச் சமமான அளவில் ஒரு திறப்பின் மூலையில் விரிசல் விட்டுப் பிளந்தது. உலோகச் சோர்வு! மேட்டூர் அணையில் தண்ணீர் இறங்க இறங்கக் கரையில் வரிவரியாகத் தடம் விழுமே, சோர்ந்து உடைந்த உலோகத்தின் முகத்திலும் அப்படித்தான் வரிகள் இருக்கும். விரிசல் நின்று நின்று நகர்ந்த தடம் அது. கடைசியில் ஒரேயடியாக முறிந்த பகுதி மட்டும் கற்கண்டை உடைத்ததுபோல் சொரசொரப்பாக இருக்கும். வரிகளைப் பின்னோக்கிப் படித்தால் தொடங்கிய புள்ளி கிடைத்துவிடும். நீங்கள் ஜன்னல் வெளிச்சத்தில் செய்ததை அங்கே எலக்ட்ரான் நுண்ணோக்கியில் செய்கிறார்கள்.

பெங்களூரில் உள்ள தேசிய வான்வெளி ஆய்வகத்தில் இதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. உடைந்த தண்டவாளம், சக்கரம் ஆகியவற்றை ஆராயும் பிரிவு லக்னோவில் ரயில்வேயின் ஆய்வு அமைப்பில் இருக்கிறது. அங்கெல்லாம் இடம் சிலருக்குத்தான் கிடைக்கும், மறைக்கவில்லை. கிடைக்காவிட்டாலும் உருக்காலை, வார்ப்பாலை, வாகன உதிரிபாகத் தொழிற்சாலை என்று இந்தப் படிப்பைக் கேட்கும் இடங்கள் சேலம், ஓசூர், கோவையில் உண்டு. இன்சூரன்ஸ் சர்வேயர் உரிமம் வாங்கி, சங்ககிரி, நாமக்கல் லாரி விபத்துகளை மதிப்பிடுகிற இன்ஜினியர்களும் நம் பக்கம் இருக்கிறார்கள்.

செலவைப் பற்றி. பாப்பா ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாள்; அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாயும் வரும். கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடும்போது கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. அரையாண்டில் கணிதம் 71 என்றாள். இரவு நேர வீடியோக்களில் ஒரு மணி நேரத்தைக் கணிதத்துக்குக் கொடுக்கச் சொன்னேன், முகம் சுளித்தாள். நீங்கள் விடாதீர்கள்.

கடைசியாகக் கேட்டீர்கள், “பெண்பிள்ளை பிணங்களுக்கு நடுவில் நிற்க வேண்டுமா?” என்று. களத்துக்குப் போகிறவர்கள் நிற்கத்தான் வேண்டும். ஆணுக்கும் அது எளிதில்லை. ஆய்வகத்தில் இருப்பவருக்கு வருவது உறையில் போட்ட உலோகத் துண்டு. எது தன்னால் முடியும் என்பதை அவள் இருபத்தைந்து வயதில் முடிவு செய்துகொள்ளட்டும்.

அடுத்த முறை வரும்போது கண் பரிசோதனைச் சீட்டு வேண்டும். பார்வை மட்டும் போதாது, நிறப் பார்வையும் சோதித்து எழுதி வாங்குங்கள். கப்பல், ரயில் இன்ஜின், விமானம் எல்லாவற்றிலும் அங்கேதான் பல பிள்ளைகள் கடைசி நிமிடத்தில் திரும்பி வருகிறார்கள். கொலுசை என் மேஜையிலேயே விட்டுப் போய்விட்டீர்கள், கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.