பெங்களூர் பார்ட்டி பில் பணம் தரல, கேஸ் கர்நாடகாவுலதான் போடணுமா?

வேண்டாங்க, இங்கயே போடலாம். வாங்கினவர் இந்தியாவுல எங்க இருந்தாலும் சரக்கு கொடுத்தவர் இருக்கிற ஏரியா கவுன்சில் (சிறு தொழில்காரங்க பாக்கி வழக்க விசாரிக்கிற அரசு அமைப்பு) விசாரிக்கலாம்னு 2006 எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர தொழில்) சட்டம் 18வது பிரிவுலயே இருக்கு, அதனால ஓசூர்ல லேத் பட்டறை வெச்சிருக்க உங்களுக்கு தமிழ்நாட்டு கவுன்சில்தான், "பெங்களூர் கோர்ட்டுக்கு வா"ன்னு அவங்க மிரட்டுறத நம்பி எட்டு மாச பாக்கிய விட்டுடாதீங்க.

சமாதான் போர்ட்டல்ல (பாக்கி கேட்டு மனு போட்ட அரசு வெப்சைட்) ஏற்கனவே போட்ட மனு நகரலன்னா பெரும்பாலும் பேப்பர் குறையாத்தான் இருக்கும். பிஓ (பர்ச்சேஸ் ஆர்டர்), இன்வாய்ஸ், அவங்க கையெழுத்து போட்ட டெலிவரி சலான் மூணும் ஏத்தினீங்களா? சலான்தான் நிறைய பேர் விட்டுடுவாங்க. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு கிருஷ்ணகிரி மாவட்டத் தொழில் மையத்துல நேர்லயே கேளுங்க.

அப்புறம் உத்யம் சர்டிபிகேட் (உங்க தொழில எம்எஸ்எம்இயா பதிவு பண்ணதுக்கான சான்று) தேதிய பில் தேதியோட வெச்சு பாருங்க. பதிவுக்கு முன்னாடி போன சரக்குனா எதிர் வக்கீல் முதல்ல அதத்தான் பிடிப்பார்.

பணம் தர எழுத்துல என்ன கெடு போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல போக முடியாது, தாண்டினா ரிசர்வ் வங்கி அறிவிக்கிற பேங்க் ரேட்டுக்கு மூணு மடங்கு கூட்டு வட்டி, அதையும் மனுவுல கேளுங்க. ஆனா 90 நாள்ல முடியணும்னு சட்டம் சொன்னாலும் நடைமுறையில இழுக்கும், கைச்செலவுக்கு வேற வழி பாத்து வெச்சுக்கோங்க.