டெக்கி ஷோடானில் பிசகே இல்லை, பிரவுன் பெல்ட் ஏன் கிடைக்கவில்லை?

கேள்வி: எனக்கு 37 வயது. நாலு வருடமாக ஷோட்டோகான் கராத்தே பழகுகிறேன். இப்போது நான்காம் க்யூ (பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய படி, எண் குறையக் குறைய மேலே), பர்ப்பிள் பெல்ட். போன மாதம் மூன்றாம் க்யூ பிரவுன் பெல்ட்டுக்கான கிரேடிங்கில் டெக்கி ஷோடான் கட்டாவை (தனியாகச் செய்யும் அசைவு வரிசை) ஓர் அசைவுகூடப் பிசகாமல் செய்தேன். அப்புறம் ஹெயான் ஷோடான் செய்யச் சொன்னார்கள், அதையும் செய்தேன். கடைசியில், “இடுப்பு வேலை செய்யவில்லை, மூன்று மாதம் கழித்து வாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்கள். என்னோடு வந்த பதினாலு வயதுப் பையன் கட்டாவின் நடுவில் தடுமாறி நின்றும் பாஸாகிவிட்டான். என் வயதுக்காரர்களுக்குத் தனி அளவுகோல் கிடையாதா? மூன்று மாதத்தில் எதைச் சரிசெய்வது?

பதில்: “அப்புறம் ஹெயான் ஷோடான் செய்யச் சொன்னார்கள், அதையும் செய்தேன்” என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, உங்கள் ரிசல்ட் அந்த வரியில்தான் இருக்கிறது.

எக்ஸாமினர் மேஜைக்குப் பின்னால் பல வருடம் உட்கார்ந்தவன் நான். புதுக் கட்டாவைக் கேட்பது வரிசை தெரியுமா என்று பார்க்க. பழைய கட்டாவைக் கேட்பது இத்தனை நாள் எப்படிப் பழகியிருக்கிறீர்கள் என்று பார்க்க. டெஸ்ட்டுக்கு வருகிற எல்லோரும் டெக்கி ஷோடானுக்கு உயிரைக் கொடுத்திருப்பார்கள். ஹெயான் ஷோடானை மட்டும் எட்டாம் க்யூவோடு மூட்டை கட்டிப் பரணில் போட்டிருப்பார்கள். அது ஏதோ குழந்தைகள் கட்டா என்று ஒரு நினைப்பு. பிறந்த கதையைப் பார்த்தால் அது உண்மையும்கூட: ஓக்கினாவா பள்ளிப் பிள்ளைகளுக்குக் கராத்தேயைக் கொண்டுபோன அங்கோ இட்டோசு, 1900களின் தொடக்கத்தில் பினான் என்ற பெயரில் உருவாக்கிய ஐந்து கட்டாக்கள்தாம் பின்னால் ஹெயான் ஆயின. ஆனால் பெரியவர்கள் அதில்தான் அதிகம் வழுக்குகிறார்கள்.

இது பிரவுன் பெல்ட்டோடு முடிகிற சமாசாரமும் இல்லை. பல ஷோட்டோகான் அமைப்புகளில் ஷோடான், அதாவது முதல் பிளாக் பெல்ட் தேர்வுக்கு பஸ்ஸாய் தாய், கான்கு தாய், எம்பி, ஜியோன் போன்ற கட்டாக்களில் உங்களுக்குப் பிடித்த ஒன்றைச் செய்யலாம். அது முடிந்ததும் ஐந்து ஹெயான், டெக்கி ஷோடான் ஆகிய ஆறில் எதை வேண்டுமானாலும் அவர்கள் கேட்பார்கள். 65 அசைவுள்ள கான்கு தாயைப் பிரமாதமாக முடித்துவிட்டு, 21 அசைவுள்ள ஹெயான் ஷோடானில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எங்கே மாட்டுகிறார்கள்? பாதிப் பேர் இரண்டாவது அசைவைத் தாண்டியதுமே. இடது பக்கம் திரும்பி கெடான் பராய் (கீழ்நோக்கிய தடுப்பு), வலது காலை முன்வைத்து ஓய் சுகி (முன்கால் பக்கக் கையால் குத்து). இதுவரை எல்லோரும் நன்றாகத்தான் செய்வார்கள். அடுத்து வலப்பக்கமாக 180 டிகிரி திரும்ப வேண்டும். அப்போது நகர்கிற வலது கால், இடது காலின் கோட்டைக் கடந்து மறுபக்கம் போய் விழ வேண்டும். அவசரத்தில் காலை நேராகப் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். இரண்டு பாதமும் ஒரே கோட்டில், கயிற்றின்மேல் நிற்பவர் மாதிரி ஆகிவிடும். ஸென்குட்சு தாச்சிக்கு (முன்கால் மடக்கி நிற்கும் நிலை) நீளம் இருந்தால் போதாது, இடுப்பளவாவது அகலம் வேண்டும். அகலம் இல்லாவிட்டால் இடுப்பு திரும்ப இடமே இல்லை, கை மட்டும்தான் வேலை செய்யும். “இடுப்பு” என்று எக்ஸாமினர் சொல்வதில் பாதி நேரம் கோளாறு காலில்தான் இருக்கும்.

மீதிப் பாதி ஹன்மி, அதாவது உடம்பைச் சாய்வாகத் திருப்பி நிற்பது. கெடான் பராய் முடிகிற இடத்தில் இடுப்பு 45 டிகிரி திறந்திருக்க வேண்டும். குத்து முடிகிற இடத்தில் நேராக மூடியிருக்க வேண்டும். அந்தத் திறப்புக்கும் மூடலுக்கும் நடுவில்தான் குத்துக்குப் பலம் வருகிறது. இதைச் சோதிக்க எக்ஸாமினர் தேவையில்லை. மொபைலை எதிரே இடுப்பு உயரத்தில் வைத்து, உங்கள் முன்பக்கம் அதைப் பார்த்திருக்கும்படி கெடான் பராய், க்யாகு சுகி (பின்கால் பக்கக் கையால் குத்து) இரண்டையும் மாற்றி மாற்றிப் பத்து முறை செய்து வீடியோ எடுங்கள். பார்க்கும்போது கையைப் பார்க்காதீர்கள், பெல்ட் முடிச்சை மட்டும் பாருங்கள். தடுக்கும்போது முடிச்சு சாய்வாகத் திரும்பி, குத்தும்போது கேமராவை நேராகப் பார்க்க வேண்டும். பத்து முறையும் முடிச்சு அசையாமல் இருந்தால் எக்ஸாமினர் சொன்னது உங்களுக்கே விளங்கிவிடும். குத்தும்போது பின்கால் குதிகால் தரையை விட்டு எழும்புகிறதா என்பதையும் அதே வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, டெக்கி ஷோடானுக்கு வருவோம். அசைவு பிசகவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். ஆனால் அந்தக் கட்டாவில் 29 அசைவுகளின் வரிசையை மனப்பாடம் செய்வது சின்ன வேலை. முன்னும் பின்னும் போகாமல், ஒரே கோட்டில் பக்கவாட்டில் மட்டும் நகர்கிற கட்டா அது. கடைசிவரை கிபா தாச்சிதான், குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி நிற்கும் நிலை. காலைக் குறுக்கே வைத்து நகரும் இடங்களில் தலை மேலே எழும்பி இறங்கினால், முட்டி வலிக்கிறது என்று உடம்பு காட்டிக்கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடியில் உங்கள் கண் உயரத்துக்கு ஒரு டேப் ஒட்டிவிட்டு, கட்டாவைப் பாதி வேகத்தில் செய்து பாருங்கள். இன்னொன்று, கொக்கிபோல மடங்கும் அந்தக் காகி சுகி குத்து. குத்தும்போது எதிர்ப்பக்க முட்டி உள்ளே சரிந்தால் இடுப்பின் பூட்டு கழன்றுவிடும். இங்கே இடுப்பு ஹெயானில்போல் திறந்து மூடாது. கீழே இறுகி நிற்க, மேலுடம்பு அதன்மேல் திரும்ப வேண்டும். ஷோட்டோகானை நிறுவிய கிச்சின் ஃபுனாகோஷி மூன்று டெக்கி கட்டாக்களுக்கே பத்து வருடம் செலவிட்டவர். உங்களை அவ்வளவு நாள் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்!

குமித்தே (ஜோடியாக மோதும் பயிற்சி) பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. ஒருவர் சொல்லிவிட்டு ஒரே அடி அடிக்க, மற்றவர் தடுத்து எதிர்க்குத்து கொடுக்கும் கிஹோன் இப்போன் குமித்தேயில் தடுக்கிறவருக்கு மட்டும்தான் மார்க் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் தடவை நான் பிரவுன் பெல்ட்டில் தோற்றது அடிக்கிறவனாக நின்றபோதுதான். எக்ஸாமினர் எழுந்து வந்து, என் ஜோடியைத் தடுக்காமல் சும்மா நிற்கச் சொன்னார். “ஜோடான்” (முகத்துக்கு) என்று கத்திக்கொண்டு பாய்ந்தேன். என் முஷ்டி ஜோடியின் மூக்குக்கு ஒரு சாண் முன்னாலேயே நின்றுவிட்டது. “இதை அவர் எதற்குத் தடுக்க வேண்டும்?” என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு அத்தோடு முடிந்தது. தடுக்காவிட்டால் படும் என்கிற தூரத்திலிருந்து அடியுங்கள். நீங்கள் தடுக்கிற முறை வரும்போது, எதிர்க்குத்து கொடுத்ததும் ஒரு நொடி அப்படியே நில்லுங்கள். உடனே கையைத் தொங்கவிட்டால் ஸான்ஷின் (அடித்த பின்னும் விடாத விழிப்பு) இல்லை என்று எழுதிவிடுவார்கள்.

வயது விஷயம். பல அமைப்புகளில் குழந்தைகளுக்கு ஜூனியர் கிரேடு என்று தனியாக உண்டு. முப்பதுகளில் இருப்பவருக்குத் தள்ளுபடியை எதிர்பார்க்காதீர்கள். அதற்காகப் பதினாலு வயதுக்காரனோடு உதையின் உயரத்தில் போட்டிபோடவும் வேண்டாம். வயிற்றுயரத்தில் அடித்து, காலைச் சட்டென்று மடக்கி இழுத்து, நிலை குலையாமல் இறங்கும் மவாஷி கெரி, தலையுயரத்துக்குப் போய்த் தள்ளாடி விழுகிற உதையைவிட எனக்கு உசத்தி. நிற்கும் நிலைக்கும் இடுப்புக்கும் வயது காரணமாகாது. அந்தப் பையன் விஷயமும் அதுதான்: ஓர் இடத்தில் மறந்து, சுதாரித்துத் தொடர்ந்தால் க்யூ தேர்வுகளில் பெரும்பாலும் மன்னித்துவிடுவோம். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே தவறு ஓடினால் மன்னிக்க முடியாது. அவன் ஓர் இடத்தில் தடுமாறினான், நீங்கள் எங்கேயும் தடுமாறவில்லை, ஆனால் எல்லா இடத்திலும் இடுப்பு இல்லாமல் செய்திருக்கிறீர்கள். கேட்கக் கசப்பாகத்தான் இருக்கும்.

முதல் மாதம் டெக்கியைத் தொடவே தொடாதீர்கள். ஹெயான் ஷோடானை எண்ணிக்கைக்கு, ஒவ்வோர் அசைவிலும் நின்று, பாத அகலம் பார்த்துச் செய்யுங்கள். தினம் மூன்று முறை போதும், முப்பது முறை தப்பாகச் செய்வதில் லாபமில்லை. இரண்டாம் மாதம் டெக்கியும் மற்ற நான்கு ஹெயானும். மூன்றாம் மாதம் வகுப்பில் யாரையாவது கட்டா பெயரைத் திடீரென்று சொல்லச் சொல்லி, கேட்ட உடனே செய்து பழகுங்கள். தேர்வு நாளில் பலருக்கு வருகிற தடுமாற்றத்தில் பாதி, பெயரைக் கேட்டதும் வருகிற பதற்றம்தான். முட்டியிலோ இடுப்பிலோ பழைய அடி இருந்தால் வரிசையில் நிற்பதற்கு முன்னாலேயே எக்ஸாமினரிடம் சொல்லிவிடுங்கள். தோற்றபிறகு சொன்னால் சாக்குப்போல ஆகிவிடும்.

மறுபடி பெயர் கொடுப்பதற்கு முன் உங்கள் மாஸ்டரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். கிஹோன் (அடிப்படை அசைவுகள்), கட்டா, குமித்தே மூன்றையும் முழுதாகச் செய்ய வேண்டுமா, கோட்டைவிட்ட பகுதி மட்டும் போதுமா? இடைப்பட்ட காலத்தில் குறைந்தது எத்தனை வகுப்புக்கு வந்திருக்க வேண்டும்? இரண்டும் அமைப்புக்கு அமைப்பு மாறும், பழைய சிலபஸ் தாளை நம்பிப் போகாதீர்கள்.