அமெரிக்க அரசியலை ஆராயப் போகிறவர்களுக்கு: கேள்வியும் பதிலும்

1960-களில் அமெரிக்கா கொடுத்த உணவு உதவிதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காகச் சில வருஷங்கள் ஆவணப் பெட்டிகளோடு உட்கார்ந்திருக்கிறேன். இந்தத் துறைக்கு வர நினைக்கும் தம்பி தங்கைகளைக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா, 'அமெரிக்கத் தேர்தலில் இனப் பாகுபாடு' என்று தலைப்பு கொடுத்தேன். கைடு ரொம்ப அகலம் என்கிறார். எப்படிக் குறைப்பது? (மதுரை)

உங்கள் கைடு சொல்வது சரி. ஒரு சட்டம், ஓர் ஊர், ஒரு பத்தாண்டு என்று சுருக்குங்கள். 1965 வாக்குரிமைச் சட்டத்தின்படி, சில மாநிலங்களும் கவுன்டிகளும் (நம் மாவட்டம் மாதிரி) தேர்தல் விதியை மாற்றுவதற்கு முன்னால் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ அனுமதி வாங்க வேண்டியிருந்தது. யார் யார் வாங்க வேண்டும் என்பதை முடிவுசெய்த சூத்திரம் செல்லாது என்று 2013-இல் ஷெல்பி கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பட்டியலில் இருந்த ஒரே ஒரு கவுன்டியை எடுங்கள். தீர்ப்புக்கு முன்னும் பின்னும் அங்கே எத்தனை வாக்குச்சாவடிகள் இருந்தன, எது எந்தத் தெருவில் மூடப்பட்டது, கூட்டக் குறிப்பில் என்ன காரணம் எழுதினார்கள் என்று பாருங்கள். இப்போது எண்ணிப் பார்க்க ஏதோ ஒன்று கையில் இருக்கிறது.

நம் ஊரில் தேர்தல் என்றதும் ஒரு தேர்தல் ஆணையம் நினைவுக்கு வரும். அங்கே தேர்தலை நடத்துவது மாநிலங்களும் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்டிகளும்தான். அதனால் 'இந்த முடிவை எடுத்தது யார்?' என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். காகிதம் அவர்களிடம்தான் இருக்கும்.

இரண்டு வாரம் காலேஜ் பார்க் ஆவணக் காப்பகத்துக்குப் போக உதவித்தொகை கிடைத்திருக்கிறது. எப்படித் தயாராவது? (புதுச்சேரி)

ரொம்ப சந்தோஷம். மேரிலாந்தில் இருக்கும் அந்த அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகக் கட்டடத்தில் ஆய்வாளர் அட்டை இலவசம், பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். பையும் பேனாவும் வெளியே லாக்கரில். உள்ளே பென்சில் மட்டும். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு கோப்பு, அவ்வளவுதான் திறந்திருக்கலாம்.

புதிதாகப் போகிறவர்கள் தடுமாறும் இடம் வேறு. அங்கே காகிதங்கள் பொருள்வாரியாக அடுக்கப்படவில்லை, எழுதிய அலுவலகத்தின்படி அடுக்கப்பட்டிருக்கின்றன. வெளியுறவுத் துறையின் தொகுப்புக்கு எண் 59. 'இந்தியாவைப் பற்றி என்ன இருக்கிறது' என்று கேட்டால் பதில் வராது. வாஷிங்டனில் எந்த மேஜையில் இந்தக் கடிதம் தட்டச்சாகியிருக்கும் என்று யோசியுங்கள். கிளம்புவதற்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே அங்குள்ள ஆவணக் காப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதிவிடுங்கள்.

படம் எடுக்கும்போது முதல் படம் பெட்டியின் லேபிள், அடுத்தது கோப்பின் தலைப்பு, பிறகுதான் காகிதம். முதல் நாள் நான் இதைச் செய்யவில்லை. அன்று எடுத்த எந்தப் படத்தையும் அடிக்குறிப்பில் சேர்க்க முடியாமல் போய், அந்தப் பெட்டிகளை எல்லாம் மறுபடியும் வரவழைத்தேன்.

கோப்பைப் புரட்டும்போது நடுவில் காகிதத்துக்குப் பதிலாக ஒரு தாள் இருக்கும்: இன்ன தேதியிட்ட ஆவணம், இன்ன காரணத்தால் எடுக்கப்பட்டது என்று. சலித்துக்கொண்டு தள்ளிவிடாதீர்கள், அதையும் படம் எடுங்கள். மறைத்தது எந்த வாரத்துக் காகிதம் என்று அது சொல்லிவிடுகிறது. ரகசியத்தை விலக்கும்படி மனுப் போடவும் அந்த விவரம் வேண்டும்.

அமெரிக்கா போக வசதியில்லை. இங்கிருந்தே உருப்படியாக ஆய்வு செய்ய முடியுமா? (கோவை)

தாராளமாக. அமெரிக்க வெளியுறவுத் துறை தன் ஆவணங்களைத் தொகுத்து 1861 முதல் வெளியிட்டு வருகிறது. எல்லாம் இணையத்தில் இலவசம். 1963 முதல் 1969 வரை அதிபராக இருந்த லிண்டன் ஜான்சன் பதிவுசெய்த தொலைபேசி உரையாடல்களையும் கேட்கலாம்.

கோவை என்பதால் ஒரு யோசனை. 1954-இல் வந்த பி.எல். 480 சட்டப்படி இந்தியா ரூபாயிலேயே அமெரிக்கக் கோதுமை வாங்கியது. 1965, 66-இல் மழை பொய்த்தபோது ஜான்சன் மொத்தமாக ஒப்பந்தம் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கப்பல்களை விட்டார். கயிற்றைக் குட்டையாகப் பிடிப்பது என்று அந்த உத்திக்கே பெயர். அன்றைய உணவு அமைச்சர் உங்கள் பக்கத்துக்காரரான சி. சுப்பிரமணியம். 1965 நவம்பரில் ரோமில் அமெரிக்க விவசாயத் துறைச் செயலர் ஆர்வில் ஃப்ரீமனோடு அவர் ஒப்பந்தம் செய்தார். வாஷிங்டன் என்ன எழுதியது என்பதை வெளியுறவுத் துறையின் அந்தத் தொகுதியிலும், இங்கே என்ன பேசினார்கள் என்பதை மக்களவை விவாதங்களிலும் வாசித்து, தேதிவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டு பக்கமும் வாசிக்கத் தெரிந்தவர்கள் குறைவு. அந்தத் தொகுதி பதிப்பாசிரியர்கள் தேர்ந்தெடுத்தது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல ஆசை. அந்தக் கோதுமைக்காக இங்கே சேர்ந்த ரூபாயில் ஒரு பங்கைக் கொண்டு, 1962 முதல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் டெல்லி அலுவலகம் இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. அந்தக் காலத்துத் தமிழ்ப் புத்தகங்கள் சிகாகோ நூலகத்தில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அவர்களுடைய தகவல் உரிமைச் சட்டத்தில் இந்தியர் விண்ணப்பிக்கலாமா? (திருச்சி)

விண்ணப்பிக்கலாம். நம் 2005 சட்டம் குடிமக்களுக்கு மட்டும். 1966-இல் ஜான்சன் கையெழுத்திட்ட அந்தச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். ஆனால் அது மத்திய நிர்வாகத் துறைகளுக்கு மட்டும்தான் பொருந்தும். காங்கிரஸும் (அவர்களுடைய நாடாளுமன்றம்) நீதிமன்றங்களும் அதில் வராது. மாநிலங்களுக்குத் தனித்தனிச் சட்டம், வர்ஜீனியா போன்ற சில மாநிலங்கள் வெளியாருக்குக் கொடுக்க மறுக்கலாம். சட்டப்படி 20 வேலை நாள், நடைமுறையில் மாதங்கள், சில சமயம் வருஷங்கள். தீசிஸ் முழுவதையும் அதை நம்பி வைக்காதீர்கள்.

மகளுக்கு அங்கே பிஎச்.டி. இடம் கிடைத்தால் எவ்வளவு செலவாகும் அம்மா? (சேலம், ஒரு தந்தை)

நல்ல துறைகள் பிஎச்.டி. மாணவர்களுக்குக் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, மாதாமாதம் உதவித்தொகையும் கொடுக்கின்றன. பதிலுக்கு இளங்கலை வகுப்புகளில் பாடம் நடத்த உதவ வேண்டும். முதுகலைக்கு மட்டும் போனால் பெரும்பாலும் கைக்காசுதான். ஐந்தாறு வருஷம் ஆகும் என்று மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். உதவித்தொகை இல்லாத பிஎச்.டி. இடத்துக்காகக் கடன் வாங்க வேண்டாம் ஐயா.

தேர்தல் கருத்தாய்வுத் தரவில் 'வாக்களித்தேன்' என்றவர்கள் உண்மையான வாக்குப்பதிவைவிட அதிகம் வருகிறார்கள். என் கணக்கு தப்பா? (யாழ்ப்பாணம்)

உங்கள் தப்பு இல்லை. 1948 முதல் நடக்கும் அமெரிக்கத் தேசியத் தேர்தல் ஆய்வில் இது தெரிந்த விஷயம். போடாதவர்கள் கூச்சத்தில் போட்டேன் என்கிறார்கள். அரசியலில் அக்கறை உள்ளவர்கள்தான் அதிகம் பதில் சொல்கிறார்கள் என்பது இன்னொரு காரணம். எடை மதிப்புகளைச் சேர்த்துவிட்டுப் பாருங்கள். அதன்பிறகும் மிஞ்சும் வித்தியாசத்தை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

அடிமைகளாக இருந்தவர்களின் வாய்மொழிப் பதிவுகளை வைத்து எழுதுகிறேன். 'எஜமான் நல்லவர்' என்று பலர் சொல்கிறார்கள். நம்பலாமா? (சென்னை)

1936 முதல் 1938 வரை அரசு வேலைத்திட்டத்தில் எடுத்த 2,300-க்கும் மேற்பட்ட பதிவுகள் அவை. கேட்டவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். சொன்னவர்கள் முதியவர்கள், ஏழைகள், நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த தெற்கில் வாழ்ந்தவர்கள். அரசாங்க நிவாரணம் ஏதாவது கிடைக்கும் என்று எதிர்பார்த்தவர்களும் உண்டு.

தென் கரோலினா தொகுதியில் சார்ல்ஸ்டன் நகரத்துச் சூசன் என்ற மூதாட்டியைத் தேடுங்கள். ஒரு வெள்ளைக்காரப் பெண் போய்க் கேட்டபோது, வந்தவர் நிவாரண அலுவலகத்து ஆள் என்று நினைத்து, எஜமான் நல்லவர் என்றே பேசினார். கறுப்பினத்தவர் ஒருவர் கேட்டபோது சவுக்கடிகளைச் சொன்னார். இரவு கல்யாணமான ஜோடியில் மனைவியை மறுநாள் காலையிலேயே விற்றதையும், பெண்ணைப் பெற்றவள் தெருவில் நின்று சபித்ததையும் சொன்னார். ஒரு பதிவில் அவர் பெயர் ஹாம்லின், இன்னொன்றில் ஹாமில்டன்.

அதனால் ஒவ்வொரு பதிவிலும் கேட்டவர் யார் என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு வாசியுங்கள். சூசனின் இரண்டு பதிவுகளையும் ஒரே நாளில், சத்தமாகவே வாசித்துப் பாருங்கள். எஜமானைப் புகழும் இடங்களில் அவர் எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்பது உங்களுக்கே கேட்கும்.