நாகப்பட்டினம் சூடாமணி விகாரம் இப்போது எங்கே? போனால் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

கட்டடமாக எதுவும் மிஞ்சவில்லை. விகாரத்தைத் தேடி நாகப்பட்டினம் போனால் ஏமாற்றம்தான்; சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள்.

முதலாம் இராசராசன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜய நாட்டு அரசன் சூளாமணிவர்மன் தொடங்க, அவன் மகன் மாறவிஜயோத்துங்கவர்மன் முடித்த பௌத்தத் துறவிகளின் மடம் இது. சிவபக்தனான இராசராசன் இதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயையே கொடுத்தான். அந்த விவரம் 21 செப்பேடுகளில் இருக்கிறது. ஏடுகள் நெதர்லாந்துக்குப் போய் லைடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததால் 'லைடன் செப்பேடுகள்' என்று பெயர். முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிறிய செப்பேடுகளும் உண்டு. அவை மூன்றே ஏடுகள்.

பலர் விகாரத்தோடு குழப்பிக்கொள்வது இன்னொரு கட்டடத்தை. 19ஆம் நூற்றாண்டிலும் அங்கே செங்கல்லால் ஆன ஒரு பழைய கோபுரம் நின்றது. புதுவெளிக் கோபுரம் என்பார்கள்; ஐரோப்பியர்கள் 'சீன பகோடா' என்றார்கள். பிரிட்டிஷ் அதிகாரி வால்டர் எலியட் அதைப் பார்த்து எழுதியும் வைத்திருக்கிறார். இயேசு சபையினர் (கத்தோலிக்கத் துறவிகள்) அந்த இடத்தில் கட்டடம் எழுப்ப விரும்ப, அரசு அனுமதியோடு 1867இல் இடித்துவிட்டார்கள். பழுது பார்த்திருக்கலாம், அதற்குக்கூட மனம் வரவில்லை!

அப்புறம் சிலைகள். 1856 முதல் அந்தப் பகுதி மண்ணிலிருந்து 300க்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல புத்தர்களின் தலைமேல் தீச்சுடர் போன்ற முடி இருக்கும். நாகப்பட்டினத்துச் சிலைகளை அடையாளம் காண அதைத்தான் முதலில் பார்ப்பேன். எழும்பூரில் நல்ல தொகுப்பு இருக்கிறது.