ஆசாரத்தில் பெட்டி, ஆத்தா ரூமில் டிவி

கேள்வி: எங்க வீடு பல்லடம் பக்கமுங்க. முன்னாடி ஆசாரத்துல 43 இஞ்ச் எல்.இ.டி. டிவி, டிஷ் கனெக்‌ஷன், எச்.டி. பெட்டி. எங்க ஆத்தாளுக்கு 82 வயசு, நடக்க முடியாது, பின்கட்டு ரூம்லயே படுக்கை. அங்கே பழைய 21 இஞ்ச் டப்பா டிவி சும்மா கிடக்குது. பெட்டிக்கும் அதுக்கும் 60 அடி இருக்கும். பகல்ல நாங்க தறிக்குடோனுக்குப் போயிருவோம், ஆத்தா தனியாப் பார்ப்பாங்க. சாயங்காலம் எல்லாரும் ஒரே சீரியல்தான். கடையில ‘ஸ்ப்ளிட்டர் ஒண்ணு போட்டாப் போதும்’ங்கறாங்க. ரெண்டாவது பெட்டி வாங்காம முடியுமுங்களா?

பதில்: முடியுமுங்க. ஆனால் கடையில் சொன்ன ஸ்ப்ளிட்டரை வாங்கிவிடாதீர்கள்.

அவர்கள் கேபிள் டிவி வேலை பார்த்த பழக்கத்தில் சொல்லியிருப்பார்கள். கேபிளில் அது சரி. லைன்மேன் இழுத்து வரும் ஒயரை இரண்டாகப் பிரித்து இரண்டு பெட்டிக்குக் கொடுக்கலாம். டிஷ் அப்படியில்லை. டிஷ் குடைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. அனுப்பும் சிக்னல் 950 முதல் 2150 மெகா ஹெர்ட்ஸ் வரை. டிவியின் ஆன்டெனா வாய் 860-ஐத் தாண்டிப் பிடிக்காது. பிடித்தாலும் அதை அவிழ்த்துப் படமாக்க பெட்டி வேண்டும். அதோடு, பெட்டி அதே ஒயர் வழியாக 13 அல்லது 18 வோல்ட்டை மேலே அனுப்புகிறது. எந்தத் திசை அலையை எடுக்க வேண்டும் என்று எல்.என்.பி.க்குச் சொல்வதே அந்த வோல்ட்தான். குறுக்கே சாதா ஸ்ப்ளிட்டரைப் போட்டு இன்னொரு முனையை டிவியில் சொருகினால் அந்த வோல்ட் டிவிக்குள் போய்விடவும் கூடும்.

ஆகவே பிரிக்க வேண்டியது பெட்டிக்குப் பின்னால், படமாக மாறி வெளியே வந்த பிறகு. பெட்டி ஒரு நேரத்தில் ஒரு சேனலைத்தான் அவிழ்க்கும். இரண்டு டிவியிலும் அதேதான் ஓடும். உங்கள் வீட்டுப் பழக்கத்துக்கு அது போதும்.

உங்கள் எச்.டி. பெட்டியில் எச்.டி.எம்.ஐ. ஓட்டையோடு மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி வாயும் இருக்கலாம். பெரும்பாலான பெட்டிகளில் இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ஒயர் வாங்கும் முன் பழைய டிவியை ஆசாரத்துக்குத் தூக்கி வந்து, சின்ன ஏவி ஒயரில் மாட்டிப் பாருங்கள். சில பெட்டிகளில் மூன்று நிறத்துக்குப் பதில் ஹெட்போன் மாதிரி ஒற்றை ஓட்டை இருக்கும். அதற்குரிய ஒயரில் மஞ்சளில் படம் வராமல் சிவப்பில் வந்தால் பதற வேண்டாம், முனைகளை மாற்றிச் சொருகினால் சரியாகிவிடும். ஏவி வாயே இல்லாத புதுப் பெட்டி என்றால் எச்.டி.எம்.ஐ. ஸ்ப்ளிட்டர் ஒன்றும், ஆத்தா டிவிக்கு ‘எச்.டி.எம்.ஐ. டு ஏவி’ கன்வெர்ட்டர் ஒன்றும் வேண்டும். ‘ஏவி டு எச்.டி.எம்.ஐ.’ என்று தலைகீழாக ஒன்றை எடுத்துக் கொடுப்பார்கள். பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், டப்பாவைப் படித்து வாங்குங்கள்.

60 அடிக்குக் கடையில் தொங்கும் மெல்லிய ரெடிமேட் ஏவி ஒயர் வேண்டாம். படம் மங்கி, நிறம் ஒழுகும். டிஷ்ஷுக்கு இழுக்கும் அதே ஆர்.ஜி.-6 ஒயரை இரண்டு வரி இழுத்து, முனையில் ஏவி வாயில் சொருகும் ஆர்.சி.ஏ. பின் போடச் சொல்லுங்கள். ஒன்று படத்துக்கு, ஒன்று ஒலிக்கு. டப்பா டிவிகளில் பல ஒற்றை ஸ்பீக்கர் ஒலிதான், வெள்ளை மட்டும் போதும். எச்.டி. படம் நாலுக்கு மூணு திரையில் ஒடுங்கி, ஆட்கள் ஒல்லியாக நீண்டு தெரிவார்கள். டிவி மெனுவில் 16:9 இருந்தால் மாற்றுங்கள். இல்லையென்றால் ஆத்தா இரண்டு நாளில் பழகிக்கொள்வார்.

உங்கள் பக்கத்தில் அதிகம் வருகிற வம்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். சோமனூரில் ஒரு தறிக்காரர் வீட்டில் இதே வேலை செய்து கொடுத்தேன். காலையில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. தறி ஓட ஆரம்பித்ததும் திரையில் கறுப்புப் பட்டை மேலே ஊர்ந்தது, ஸ்பீக்கரில் ‘ங்ங்’ என்று ஒரு உறுமல். ஒயரை மாற்றினேன், பின்னை மாற்றினேன், அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால் ஆசாரத்து டிவி வீட்டுக் கரண்ட் சர்வீசில், பின்கட்டு டிவியின் பிளக் குடோன் சர்வீசில். இரண்டு சர்வீசின் எர்த்துக்கும் இடையே சின்ன வோல்ட் வித்தியாசம் இருந்தது. ஏவி ஒயரின் உள்ளே இருக்கும் உலோக உறை இரண்டையும் இணைத்ததும் கரண்ட் அதன் வழியாகவே ஓடிவிட்டது. பிளக்கை வீட்டு சர்வீசுக்கு மாற்றிய நிமிடம் பட்டை மறைந்தது. நீங்களும் இரண்டு டிவியையும் ஒரே சர்வீசில் வையுங்கள். ஏவி ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்துக் கட்டாமல் ஒரு அடி தள்ளி இழுங்கள்.

இனி ரிமோட். பகலில் ஆத்தா தனியாக இருக்கும்போது 60 அடி தள்ளி, சுவருக்கு அப்பால் உள்ள பெட்டியில் எப்படிச் சேனல் மாற்றுவார்? ரிமோட் சிக்னலைத் தூரத்துக்குக் கடத்தும் ஐ.ஆர். எக்ஸ்டெண்டர் என்று கேளுங்கள். அதன் ஒரு கண் ஆத்தா ரூமில் இருக்கும். மறுமுனையைப் பெட்டியின் முகப்பில் ஒட்டிவிட வேண்டும். ஒயரில் ஓடுவதும் உண்டு, ரேடியோ அலையில் ஓடுவதும் உண்டு. ஒயர் எப்படியும் இழுக்கப் போகிறீர்கள், ஒயர் வகையே வாங்குங்கள். அதே பெட்டிக்கு இன்னொரு ரிமோட் வாங்கி, நம்பரும் சேனல் பட்டனும் தவிர மற்றதன் மேல் டேப் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். பெட்டியின் ஒலியை ஒரு அளவில் நிறுத்திவிட்டு அவரவர் டிவியில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஆத்தாளுக்குக் கேட்க வைத்தால் ஆசாரம் அலறும்.

பையன் கிரிக்கெட் பார்க்க ஆரம்பித்துவிட்டால் இந்த ஏற்பாடு ஒரு வாரம் தாங்காது. அப்போது அதே கணக்கில் மல்டி டிவி என்று இரண்டாவது பெட்டி கேளுங்கள். குடையில் இரண்டு வாய் உள்ள எல்.என்.பி. மாட்டி, ஒவ்வொரு பெட்டிக்கும் தனி ஒயர் வரும். மாதக் கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு ஒப்புக்கொள்ளுங்கள். 2020-ல் இரண்டாவது டிவிக்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதித்தது. 2024-ல் அந்தக் கட்டண உச்சவரம்பையே எடுத்துவிட்டு நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. மாதப் பணமே இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷில் டிடி தமிழ் வரும், ஆனால் ஆத்தா பார்க்கும் சீரியல் கட்டண சேனலில் என்றால் அதில் கிடைக்காது.

சித்திரையில் இடி இடிக்கும்போது ஆசாரத்து டிவியை மட்டும் பிடுங்கிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். இப்போது குடை, பெட்டி, இரண்டு டிவி எல்லாம் ஒரே செம்பில் கோர்த்திருக்கிறது. பின்கட்டு பிளக்கையும், பெட்டிக்குப் பின்னால் திருகியிருக்கும் டிஷ் ஒயரையும் சேர்த்துக் கழற்றுங்கள்.