வாசகர் கேள்வி பதில்: ஒரு பக்கம் கொதிக்கும் அம்ப்ளிபயர்

கேள்வி: என் பழைய ஸ்டீரியோ அம்ப்ளிபயரின் சப்ளை பிளஸ் 40, மைனஸ் 40 வோல்ட். பாட்டுப் போடாமலே இடது ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை. வலது பக்கம் சில்லென்று இருக்கிறது. சத்தத்தைக் குறைத்தால் குரல் கரகரக்கிறது. அவுட்புட் ட்ரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் இருக்கும் 0.22 ஓம் ரெசிஸ்டரில் (எமிட்டர் ரெசிஸ்டர்) இடது 31, வலது 1 மில்லிவோல்ட் காட்டுகிறது. ட்ரிம்பொட்டை (அளவைச் சரிசெய்யும் குட்டித் திருகு ரெசிஸ்டரை) திருப்பினால் சரியாகுமா?
- வாசகர், தலவாக்கலை

பதில்: விடை உங்கள் அளவுகளிலேயே இருக்கிறது. 31ஐ 0.22ஆல் வகுத்தால் 141 மில்லிஅம்பியர். 80 வோல்ட்டில் அது சுமார் 11 வாட்; சும்மா இருக்கும்போதே அவ்வளவும் சூடாகிறது. வலதில் 5 மில்லிஅம்பியர்கூட இல்லை. அதனால் ஒலியலை பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்குத் தாண்டும் இடத்தில் இரண்டு அவுட்புட் ட்ரான்சிஸ்டரும் கிட்டத்தட்ட அணைந்துவிடுகின்றன. கரகரப்பு அங்கேதான் பிறக்கிறது. சும்மா இருக்கும்போது ஓடும் இந்த மின்னோட்டம்தான் பயஸ். சேர்விஸ் மெனுவலில் வேறு அளவு இல்லையென்றால் அதை 25 மில்லிஅம்பியர், அதாவது 5.5 மில்லிவோல்ட் வையுங்கள்.

ஆனால் பழைய ட்ரிம்பொட்டைத் திருப்பவே வேண்டாம். மலைநாட்டு ஈரத்தில் அதன் தடம் கறுத்து, நடுக்கால் விட்டுவிட்டுத் தொடும். ஒரு கணம் விட்டாலும் பயஸைத் தீர்மானிக்கும் ட்ரான்சிஸ்டரின் பேஸ் (கட்டுப்படுத்தும் கால்) அந்தரத்தில் நின்று, பயஸ் உச்சிக்கு ஏறி, அவுட்புட் ஜோடி எரிந்துவிடும். இரண்டு பக்கமும் அதே மதிப்பில் மூடிய வகை ட்ரிம்பொட் மாற்றுங்கள். கூடவே அந்தப் பயஸ் ட்ரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் பேஸுக்கும் இடையே ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டரைப் பற்றவையுங்கள். ட்ரைவருடன் வரும் வழக்கமான எமிட்டர் பொலோவர் சுற்றில், பிறகு நடுக்கால் விட்டால் பயஸ் ஏறாது, இறங்கும். சில ரூபாய் ரெசிஸ்டர்தான், இதைத் தவறவிடாதீர்கள்.

ப்ளக்கைக் கழற்றி, ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டரின் இரு காலுக்கும் குறுக்கே 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அரை நிமிடம் பிடித்த பிறகே கை வையுங்கள். புதிய ட்ரிம்பொட்டின் நடுக்கால் கலெக்டர் பக்கம் முழுதாகத் திரும்பியிருக்கட்டும்; அதுதான் மிகக் குறைந்த பயஸ். ஸ்பீக்கரைக் கழற்றி, வொலியூமைப் பூச்சியமாக்கி, 60 வாட் குண்டு பல்பை மெயின் கரண்ட் வரும் வழியில் தொடராகப் போட்டு ஓன் செய்யுங்கள். பல்ப் மின்னி மங்கினால் நல்லது. விடாமல் எரிந்தால் உடனே நிறுத்துங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டுச் செட் பண்ணலாம். மீற்றர் வயரைக் கையால் பிடிக்காமல், ஓன் செய்யுமுன்பே எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் கிளிப்பால் மாட்டிவிடுங்கள். முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டால் ட்ரான்சிஸ்டர் போய்விடும்.

முதலில் புதிய ட்ரிம்பொட்டைத் திருப்பி 4 மில்லிவோல்ட் வையுங்கள். மூடியை வைத்து, கிளிப்பைக் கழற்றாமல் மீற்றர் வயரை வெளியே நீட்டி, 20 நிமிடம் விடுங்கள். குளிரில் திறந்து வைத்துச் செட் பண்ணினால், மூடியதும் அளவு நகர்ந்துவிடும். சூடேறி நிலைத்த பிறகு 5.5க்குக் கொண்டுவாருங்கள். கடைசியாக ஸ்பீக்கர் முனையில் டீசி (நேர்மின்) வோல்ட் பாருங்கள்: 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால்தான் ஸ்பீக்கரை மாட்டலாம்.

கேள்வி: மழைக்காலத்தில் ஒரு பக்க ஸ்பீக்கர் மௌனமாகி, சத்தத்தைக் கூட்டினால் திரும்ப வருகிறது. ஏன்?
- வாசகர், நுவரெலியா

பதில்: பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேயின் (ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்சின்) தொடுமுனையில் படிந்த களிம்பு. ரிலேயை மெல்லத் தட்டும்போது சத்தம் வந்து போனால் அதுவேதான். அதே கொயில் வோல்ட்டில் புதிய ரிலே போடுவதே சரி. கிடைக்கும்வரை, ப்ளக்கைக் கழற்றிவிட்டு, ஐசோபுரோபைல் அல்கஹோலில் நனைத்த காகிதக் கீற்றை முனைகளுக்கிடையே வைத்து இழுங்கள். மட்டத்தாள் (உப்புத்தாள்) போட்டுத் தேய்க்காதீர்கள், மேற்பூச்சு உரிந்துவிடும்.