எழுத்து அழியவில்லை, எழுத்துருதான் தொலைந்திருக்கிறது

கேள்வி: செங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்து நாலு மாசம் ஆகிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் கேரள எல்லைக்குள் இருக்கும் ஆரியங்காவு, தென்மலைப் பக்கத்துக்காரர்கள். போன வாரம் ஒரு டி.டி.பி. கடைக்காரரின் சிஸ்டத்தை ஃபார்மட் செய்து கொடுத்தேன். 'டி' டிரைவில் இருந்த ஃபைல் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் திறந்தால் மலையாளத்துக்குப் பதிலாக இங்கிலீஷ் எழுத்தும் குறிகளுமாக வருகிறது. பத்து வருஷ வேலை போச்சு என்று சண்டைக்கு நிற்கிறார். இது போதாதென்று, சாரல் தொடங்கியதிலிருந்து 'டிஸ்ப்ளே வரலை' என்று வருகிற சிஸ்டங்களுக்கு ரேம் மாற்றிக் கொடுத்தால் ஒரே வாரத்தில் திரும்பி வருகின்றன. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: தம்பி, முதலில் அந்த டி.டி.பி. கடைக்காரருக்குப் போன் போட்டு, எந்த ஃபைலையும் திறந்து 'சேவ்' கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவருடைய பத்து வருஷ வேலை போகவில்லை. பழைய மலையாள டி.டி.பி. வேலைகள் பலவும் யூனிகோடில் (ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் தரும் பொதுமுறை) இல்லை. இங்கிலீஷ் எழுத்துக்குரிய இடத்திலேயே மலையாள உருவத்தை வைத்த எழுத்துருக்களில் அடித்தவை. எம்எல்-டிடி கார்த்திகா, எம்எல்-டிடி ரேவதி என்று பெயர் வரும். தமிழில் பாமினி எழுத்துரு வேலை செய்வதும் இதே முறையில்தான். எழுத்துரு போனால் அடியில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்து வெளியே தெரியும், அவ்வளவுதான்.

வேர்டில் ஒரு ஃபைலைத் திறந்து, குழம்பிய எழுத்தின் நடுவே கிளிக் செய்து, மேலே எழுத்துருப் பெயர் வரும் கட்டத்தைப் பாருங்கள். எழுத்துரு சிஸ்டத்தில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே நிற்கும். பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் ஃபைல் என்றால் திறக்கும்போதே எந்த எழுத்துரு இல்லை என்று சொல்லும். அங்கே வேறு எழுத்துருவை ஏற்று 'சேவ்' செய்துவிட்டால் உண்மையாகவே சிக்கல். பெயர்களைக் குறித்துக்கொண்டு, அவருடைய பழைய சி.டி., பென்டிரைவ்களில் தேடச் சொல்லுங்கள். அவர் வேலை கொடுத்து வாங்கும் இன்னொரு டி.டி.பி. கடையிலும் கேட்கலாம். நீங்கள் டிரைவை அழிக்காமல் அதன் மேலேயே விண்டோஸ் ஏற்றியிருந்தால், சி டிரைவில் 'விண்டோஸ்.ஓல்டு' ஃபோல்டர் இருக்கும். அதற்குள் 'விண்டோஸ்', அதற்குள் 'ஃபான்ட்ஸ்'. சில நாளில் அது தானாக அழிந்துவிடும் என்பதால் இன்றைக்கே பாருங்கள். அவர் டைப் செய்யும் கீபோர்டு மென்பொருளையும் மறக்காமல் கேட்டு ஏற்றிக் கொடுங்கள். எழுத்துரு மட்டும் இருந்தால் படிக்க முடியும், அடிக்க முடியாது.

இனி எந்த சிஸ்டத்தை ஃபார்மட் செய்வதானாலும் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸோடு நிறுத்தாதீர்கள். 'ஃபான்ட்ஸ்' ஃபோல்டரை முழுதாக எடுங்கள். விண்டோஸ் 10, 11-இல் ஒரு பயனருக்கு மட்டும் ஏற்றிய எழுத்துரு அங்கே இருக்காது. அந்தப் பயனரின் 'ஆப்டேட்டா'வில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போனால் கிடைக்கும். டேலி கணக்கு மென்பொருள் வைத்திருப்பவர் என்றால் டேட்டா எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பதை டேலியைத் திறந்தே பார்த்துக்கொள்ளுங்கள். அது சி டிரைவில் இருப்பது சாதாரணம். புது லேப்டாப்களில் டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு உண்டா என்று பாருங்கள். இருந்தால், பயாஸையோ (மதர்போர்டில் இருக்கும் தொடக்க மென்பொருள்) மதர்போர்டையோ தொடுவதற்கு முன் 48 இலக்க மீட்புச் சாவி வாடிக்கையாளர் கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல் போனால் டேட்டாவை யாராலும் எடுத்துத் தர முடியாது.

எல்லையில் கடை வைத்திருப்பதால் இன்னொன்றும் உங்களுக்கு வரும். கேரளப் பள்ளிகளில், அந்த மாநில அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட் தரும் உபுண்டு வழி லினக்ஸ்தான் விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிறது. ஆசிரியர்கள் பலர் சொந்த லேப்டாப்பிலும் அதையே வைத்திருக்கிறார்கள். அந்த டிஸ்கைக் கழற்றி உங்கள் விண்டோஸ் சிஸ்டத்தில் மாட்டினால், 'பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று கேட்கலாம். டிஸ்கில் கோளாறு என்று நினைத்து 'சரி' அழுத்தினால் தொலைந்தது. 'கேன்சல்' கொடுத்துவிட்டு, உபுண்டு லைவ் பென்டிரைவில் பூட் செய்து காப்பி எடுங்கள். டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் விவரத்தில் சி5 என்ற வரி (படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை) பூஜ்யமாக இல்லையென்றால், விண்டோஸின் டிஸ்க் பழுதுபார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்ட வேண்டாம், முதலில் காப்பி.

இனி சாரல். ரேம் கெட்டிருந்தால் புது ரேமோடு திரும்பி வராது. ஸ்லாட்டில் படிந்த தூசி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது; தொடுமுனையில் களிம்பு ஏறுகிறது. புது ரேமைச் செருகும் உரசலில் கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழைய கதை. மின்இணைப்பைக் கழற்றி, பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். பழைய ரேமின் பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். ஸ்லாட்டை முதலில் பிரஷ்ஷால் தூசி தட்டி, அதே ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகு ஒரு ரேமை மட்டும் போட்டுப் பாருங்கள்.

அப்போதும் வரவில்லையென்றால் அடுத்த பாகத்தை மாற்றாமல் மல்டிமீட்டரை எடுங்கள். சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வரும் வயர்களை அளந்து பாருங்கள். சிஸ்டம் ஓடாத நிலையிலும் ஊதா வயரில் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஆன் செய்ததும் மஞ்சளில் 11.4 முதல் 12.6, சிவப்பில் 4.75 முதல் 5.25, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வோல்ட். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, சுமை ஏறியதும் மஞ்சள் 11.4-க்குக் கீழே இறங்கினால் குற்றவாளி எஸ்.எம்.பி.எஸ். பயாஸ் பேட்டரி 3 வோல்ட், 2.7-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடுங்கள்.

தொட்டால் கேபினெட் 'ஜிவ்'வென்று இழுக்கிறது என்று சொல்பவர் வீட்டுக்கு ஒருமுறை நேரில் போங்கள். எர்த் இல்லாத பிளக்கில், எஸ்.எம்.பி.எஸ். உள்ளே இருக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களால் கேபினெட்டில் ஏறத்தாழ 115 வோல்ட் மிதக்கும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது. இருந்தால் வயர்மேனைக் கூப்பிடச் சொல்லுங்கள். யு.எஸ்.பி. போர்ட்டும் பிரிண்டரும் அடிக்கடி போவதற்கு அது காரணமாக இருக்கலாம்.

கூலி விஷயம்: பாகம் எதுவும் மாற்றாமல் துடைத்தே சரியானாலும் பார்த்ததற்குக் கூலி உண்டு என்பதை சிஸ்டத்தை வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். வேலைச்சீட்டில் என்னென்ன காப்பி எடுக்க வேண்டும் என்று எழுதி, கையெழுத்து வாங்குங்கள். அந்த வரிகளை மலையாளத்திலும் அச்சடித்து வையுங்கள். அந்தப் பக்கத்துக்காரர் 'ஃபைல் மாற்றணம்' என்றால், வேறு இடத்துக்கு நகர்த்தச் சொல்கிறாரா, எடுத்துவிடச் சொல்கிறாரா என்று ஒருமுறைக்கு இருமுறை கேளுங்கள். மலையாளத்தில் அந்தச் சொல்லுக்கு இரண்டு பொருளும் உண்டு. எடுத்த காப்பியைச் சிஸ்டம் கொடுத்த நாளிலிருந்து பதினைந்து நாள் உங்களிடம் வைத்திருந்து, அவரிடம் போனில் கேட்டுவிட்டு அழியுங்கள்.